புகை படுத்துக்கொள்ளும் நேரம்

மார்கழி மாதம், காலை ஆறரை மணி. பூனாவின் கட்கியில் முளா ஆற்றங்கரைச் சரிவில் யாரோ சருகைக் கூட்டிப் பற்றவைத்திருக்கிறார்கள். புகை கிளம்பும்போது நேராகத்தான் கிளம்புகிறது. ஒரு தென்னை உயரம் வரைக்கும் சுருண்டு சுருண்டு ஏறுகிறது. அதற்கு மேல், கண்ணுக்குத் தெரியாத கூரையில் முட்டியதுபோல நின்று, பக்கவாட்டில் பாயாக விரிகிறது. அரை மணி நேரமானாலும் அந்தப் பாய் கலைவதில்லை. அதன் ஓரங்களில் தட்டையான பெரிய வளைவுகள் மட்டும் மெல்லத் திரும்பிக்கொண்டிருக்கின்றன.

என்னோடு நடக்க வரும் பெரியவர் இங்குள்ள தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருடைய தகப்பனார் காலத்திலேயே வட ஆற்காட்டுப் பக்கமிருந்து வந்து குடியேறிய குடும்பம். ஒருநாள் அவர் சொன்னார்: "பாருங்க தம்பி, புகை எழுந்திரிக்க மாட்டேங்குது. படுத்துக்கிச்சு. வெயில் ஏறினாத்தான் எழும்பும்."

பாய்ம இயற்பியல் பல பத்தாண்டுகள் உழைத்துச் சேர்த்த ஓர் உண்மையின் பாதி அந்த வாக்கியத்தில் இருக்கிறது. அடுக்கடுக்காகப் படிந்த காற்றிலும் நீரிலும் சுழல்கள் சாவதில்லை, படுத்துக்கொள்கின்றன. நாம் மூச்சாக இழுக்கும் காற்று, வயலில் கருகும் தளிர், வங்கக் கடலில் புயல் பெறும் பலம் ஆகிய மூன்றிலும் இந்தப் படுக்கைக்குப் பங்கு உண்டு. அந்த உண்மையை அறிய வேண்டுமென்றால் தரையை ஒட்டிக் குனிந்து பார்க்க வேண்டும். அப்படிக் குனிந்து பார்த்த ஒருவர் இதே ஊரில் வேலை செய்தார் என்பதுதான் என்னை இதை எழுதவைத்தது.

நின்ற சுழல்

முதலில் பகல் நேரத்துக் காற்றைப் பார்ப்போம். பூசையறையில் ஊதுவத்தி ஏற்றினால் புகை கொஞ்ச தூரம் நூல் பிடித்ததுபோல ஏறும். பிறகு நெளியும், சுருளும், கலைந்துபோகும். அந்தக் கலைதலுக்குத்தான் கொந்தளிப்பு என்று பெயர். கண்டபடி நடப்பதுபோலத் தோன்றினாலும் அதற்குள் ஓர் ஒழுங்கு உண்டு. பெரிய சுழல்கள் உடைந்து சிறியவை ஆகின்றன, சிறியவை இன்னும் சிறியவை ஆகின்றன. கடைசியில் பாகுநிலை என்னும் உள் உராய்வு அவற்றைப் பிடித்து வெப்பமாக மாற்றிவிடுகிறது. இந்தப் படிவரிசையை லூயிஸ் ரிச்சர்ட்சன் 1922இல் எடுத்துச் சொன்னார். 1941இல் ரஷ்யாவின் கொல்மகோரொவ் அதற்குக் கணித வடிவம் கொடுத்தார்.

உடைவதற்கு வேண்டிய வேலையைச் செய்வது சுழலின் நீட்சி. சுழல்நாற்காலியில் கைகளை விரித்தபடி சுற்றும் பிள்ளை, கைகளை மார்போடு அணைத்துக்கொண்டால் வேகம் கூடும். அதுபோல, ஒரு சுழலின் இரு முனைகளையும் ஓட்டம் இழுத்து நீட்டினால் அது மெலிகிறது. மெலிந்ததால் இன்னும் வேகமாகச் சுற்றுகிறது. இப்படி நீண்டு, மெலிந்து, பின்னிப் பிணைந்து சுழல்கள் தங்கள் ஆற்றலைச் சிறிய அளவுகளுக்குக் கைமாற்றுகின்றன. இதற்கு மூன்று திசைகளிலும் ஓட இடம் வேண்டும். கோடைப் பகலில் அந்த இடம் தாராளமாகவே கிடைக்கிறது. சூடான தரையிலிருந்து எழும் காற்று ஒன்றிரண்டு கிலோமீட்டர் உயரம்வரை புரள்கிறது. மிகப் பெரிய சுழல் கிலோமீட்டர் கணக்கில் இருக்க, மிகச் சிறியது ஒரு மில்லிமீட்டர் அளவில் இருக்கிறது. இரண்டுக்கும் இடையே பத்து லட்சம் மடங்கு வித்தியாசம். பகலில் எரியும் சருகின் புகை இந்தப் பெரிய கலவையில் கரைந்து காணாமல் போய்விடுகிறது.

அடுக்கின் கணக்கு

மேகமில்லாத குளிர்காலத்தில், சூரியன் மறைந்ததும் கதை மாறுகிறது. தரை தன் வெப்பத்தை வானத்துக்குக் கதிராக அனுப்பிக் குளிர்கிறது. அதைத் தொட்ட காற்றும் குளிர்கிறது. குளிர்ந்த காற்று கனமானது. அது கீழே தங்குகிறது. பூனா சுமார் 560 மீட்டர் உயரத்தில் குன்றுகளுக்கு நடுவே இருக்கும் ஊர். சரிவுகளில் குளிர்ந்த காற்று நீரைப்போல வழிந்து ஆற்றுப் பள்ளத்தில் சேர்கிறது. கட்கி அந்தப் பள்ளத்தின் ஓரத்தில் இருக்கிறது. விடியும்போது கீழே குளிர்ந்த கனக் காற்றும் மேலே சற்றே வெதுவெதுப்பான லேசான காற்றும் என்று அடுக்கு அமைந்துவிடும். வானிலையாளர்கள் இதை வெப்பத் தலைகீழ் என்கிறார்கள். வழக்கமாக உயரப் போகப் போகக் குளிரும். இங்கே அது தலைகீழாக இருக்கிறது.

இப்படிப்பட்ட காற்றில் ஒரு கட்டியைப் பிடித்துச் சற்று மேலே தூக்கிவிட்டோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சுற்றியுள்ள காற்றைவிட அது கனம், ஆகவே கீழே விழும். விழும் வேகத்தில் தன் இடத்தைத் தாண்டிப் போகும். அங்கே அது லேசானது, ஆகவே மேலே வரும். ஊஞ்சல்போல ஆடும். ஊஞ்சல் ஒருமுறை போய்வர எவ்வளவு நேரம் என்பது அடுக்கு எவ்வளவு இறுக்கமானது என்பதைப் பொறுத்தது. இயல்பான குளிர்ச்சிக்கு ஈடுகட்டிய பிறகு 100 மீட்டருக்கு 5 டிகிரி வெப்பம் கூடுகிறது என்று எடுத்துக்கொண்டால், ஓர் ஆட்டத்துக்குச் சுமார் இரண்டரை நிமிடம் ஆகும். அந்தக் காற்றில் வினாடிக்கு 1 மீட்டர் வேகத்தோடு கிளம்பும் சுழல் எவ்வளவு உயரம் ஏற முடியும்? சுமார் 24 மீட்டர். ஒரு பெரிய தென்னையின் உயரம். பகலில் கிலோமீட்டர் உயரம் புரண்ட காற்று இரவில் தென்னை உயரத்தில் அடங்கிவிடுகிறது. ஆற்றங்கரைப் புகை முட்டிய கூரை இதுதான்.

சுழல்களில் இரண்டு வகை இருப்பதாக எண்ணிப் பார்த்தால் விஷயம் தெளியும். மாட்டுவண்டிச் சக்கரம் போல நின்று சுற்றுபவை ஒரு வகை, மாவரைக்கும் திருகைக்கல் போலப் படுத்துச் சுற்றுபவை இன்னொரு வகை. சக்கரம்போல நின்று சுற்றும் சுழல் ஒரு பக்கம் கனமான காற்றை மேலே தூக்க வேண்டும், மறுபக்கம் லேசான காற்றைக் கீழே அமுக்க வேண்டும். ஒவ்வொரு சுற்றுக்கும் அது கூலி கொடுக்கிறது. கையிலிருந்த ஆற்றல் அலைகளாக விலகிப் போகிறது. திருகைபோலப் படுத்துச் சுற்றும் சுழல் எதையும் தூக்குவதில்லை, எதையும் அமுக்குவதில்லை. அதற்குக் கூலி கிடையாது. ஆகவே நின்ற சுழல்கள் ஓய்ந்துபோக, படுத்த சுழல்கள் நெடுநேரம் உயிரோடு இருக்கின்றன. புகைப் பாயின் ஓரத்தில் மெல்லத் திரும்பிய வளைவுகள் இவைதாம்.

கண்ணாடிப் பாத்திரத்தில் ஒரு பரிசோதனை

இதை நம்ப ஆற்றங்கரைக்குப் போக வேண்டியதில்லை. அகலமான கண்ணாடிப் பாத்திரம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். கல்லுப்பை நன்றாகக் கரைத்து வடிகட்டிய நீரைப் பாதிவரை ஊற்றுங்கள். அதன் மேல் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாளை மிதக்கவிட்டு, தாளின் மேல் நல்ல நீரைக் கரண்டி கரண்டியாக மெதுவாக விடுங்கள். தாளை ஓரமாக இழுத்து எடுத்துவிட்டுக் கால் மணி நேரம் தொடாமல் வையுங்கள். பிறகு ஒரு சொட்டு நீல மையை விடுங்கள். மை சின்ன வளையமாகச் சுருண்டு கீழே இறங்கும். உப்பு நீர் தொடங்கும் இடத்தைத் தொட்டதும் நின்று, தட்டையாக விரியும்.

இப்போது ஒரு தேக்கரண்டியை அந்த எல்லையில் வைத்து, ஒரு விரல்கடை தூரம் சட்டென்று தள்ளி, மேலே எடுத்துவிடுங்கள். முதல் சில நொடிகள் மை தாறுமாறாகக் கலங்கும். அவசரப்படாமல் பார்த்துக்கொண்டிருந்தால், கலக்கம் தானாகவே வடியும். அதிலிருந்து எதிரெதிர்த் திசையில் சுற்றும் இரண்டு தட்டைச் சுழல்கள், காளான் குடைபோலச் சேர்ந்து, மெல்ல முன்னே நகரும். யாரும் அப்படி வரையவில்லை. கலங்கலிலிருந்து அடுக்கு தானாகவே அந்த ஒழுங்கைப் பிரித்தெடுக்கிறது. வான் ஹெய்ஸ்ட், ஃப்ளோர் என்னும் இருவர் 1989இல் ஆய்வுக்கூடத் தொட்டியில் இப்படிப்பட்ட சுழல் இணைகளை உண்டாக்கி, ஒன்றோடொன்று மோதவிட்டு, மோதியபின் துணை மாற்றிக்கொண்டு பிரிந்து போவதைப் பதிவு செய்தார்கள். என் வீட்டுப் பாத்திரத்தில் அந்த அளவுக்குத் துல்லியம் வராது. ஆனால் இரண்டு சுழல்கள் கைகோத்து நகர்வதை ஒருமுறை பார்த்தவர்களுக்கு, ஆற்றின் மேல் கிடக்கும் புகை வெறும் புகையாகத் தெரியாது.

2000இல் பிரான்சின் பில்லான், ஷோமாஸ் இருவரும் இன்னொரு கேள்வியைக் கேட்டார்கள். உயரமான தூண்போன்ற இரு சுழல்களை, அடுக்கமைந்த உப்புநீரில் நிறுத்தினால் என்ன ஆகும்? தூண்கள் முதலில் இடமும் வலமுமாக நெளிந்தன. நெளிவு வளர்ந்தது. கடைசியில் தோசைகளை அடுக்கியதுபோலத் தட்டைத் துண்டங்களாக வெட்டுப்பட்டன. ஒவ்வொரு துண்டத்தின் தடிமனும் சுழலின் வேகத்தை ஊஞ்சலாட்ட வீதத்தால் வகுத்தால் கிடைக்கும் நீளத்தை ஒட்டி இருந்தது. மேலே நான் 24 மீட்டர் என்று கணக்கிட்டது அதே நீளத்தைத்தான்.

கற்களுக்கு நடுவே

படுத்த சுழல்களோடு கதை முடிந்துவிடுமானால், அடுக்கமைந்த காற்றில் எதுவும் மேலும் கீழும் கலக்கவே கலக்காது. அப்படியில்லை. திருகையில் மாவு அரைபடுவது கற்களுக்கு நடுவில். இங்கும் அப்படித்தான். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய தட்டைச் சுழல்கள் ஒவ்வொன்றும் தன் போக்கில் சுற்றுகின்றன. இரண்டு அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும் இடத்தில் காற்றின் வேகம் சட்டென்று மாறுகிறது. அந்த வேக மாற்றம் புரட்டப் பார்க்கிறது. அடுக்கு அதைத் தடுக்கப் பார்க்கிறது. இந்த இரண்டின் பலத்தையும் ஒப்பிடும் எண்ணுக்கு ரிச்சர்ட்சன் எண் என்று பெயர். அந்த எண் எங்கும் கால் பங்குக்குக் குறையாமல் இருந்தால் சிறு அசைவுகள் வளராது என்பதை ஜான் மைல்ஸும் லூயிஸ் ஹவார்டும் 1961இல் நிறுவினார்கள். அதற்குக் கீழே இறங்கினால் ஓட்டம் உடைய வழி பிறக்கிறது.

நம் ஆற்றங்கரைக் காற்றுக்கு இதைப் பொருத்திப் பார்ப்போம். முன்பு எடுத்துக்கொண்ட அதே அடுக்கில், 10 மீட்டர் உயரத்துக்குள் காற்றின் வேகம் வினாடிக்கு 0.8 மீட்டருக்கு மேல் மாறினால் போதும், கால் பங்கு என்னும் எல்லை தாண்டப்படும். அது மிக மெல்லிய தென்றலின் வேகம்தான். எல்லை தாண்டியதும் அடுக்கின் விளிம்பு கடலலைபோல எழும்பி, சுருண்டு, உடைந்து, சில நிமிடம் கலக்கிவிட்டு அடங்கும். பிறகு மீண்டும் அமைதி. இரவுக் காற்றின் கொந்தளிப்பு இப்படித்தான் விட்டுவிட்டு வருகிறது. நெடுநேரம் ஒன்றுமில்லை, திடீரென்று ஒரு பொங்கல், மறுபடி ஒன்றுமில்லை. ஒரு மணி நேரத்துக்குச் சராசரி எடுக்கும் கருவி அந்தப் பொங்கலைச் சராசரிக்குள் கரைத்துவிடும். வானிலை மாதிரிகள் குளிர்கால இரவில் அடிக்கடித் தடுமாறுவதற்கு இது ஒரு பெரிய காரணம்.

அடுக்கின் பிடி எந்த அளவுக்குக் கீழே தளர்கிறது என்பதற்கும் ஓர் அளவு உண்டு. ரஷ்யக் கடலியலாளர் ஓஸ்மிடோவின் பெயரால் அது அழைக்கப்படுகிறது. ஒரு கிலோ காற்றில் வாட்டில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு ஆற்றல் சிதைகிறது என்று கொண்டால், மேற்சொன்ன அடுக்கில் அந்த அளவு சுமார் 1.2 மீட்டர். அதைவிடப் பெரிய சுழல்கள் அடுக்குக்குக் கட்டுப்பட்டுப் படுக்கின்றன. சிறியவை அடுக்கு இருப்பதையே உணராமல் எல்லாத் திசையிலும் புரள்கின்றன. பாகுநிலை அவற்றைத் தின்று முடிக்கும் அளவு இரண்டரை மில்லிமீட்டர். பகலில் பத்து லட்சம் மடங்கு விரிந்திருந்த கொந்தளிப்பின் ராஜ்யம், விடியற்காலையில் ஐந்நூறு மடங்காகச் சுருங்கிவிடுகிறது. ஓர் ஆள் உயரத்துக்குள் அடங்கிய ராஜ்யம் அது.

படுத்த சுழல்கள் ஒன்றோடொன்று சேர்ந்து மேலும் மேலும் பெரிதாகுமா என்ற கேள்வி பல பத்தாண்டுகள் ஆய்வாளர்களை அலைக்கழித்தது. முழுக்கத் தட்டையான, இரு பரிமாண ஓட்டத்தில் ஆற்றல் சிறியதிலிருந்து பெரியதை நோக்கிப் போகும் என்று ராபர்ட் கிரைக்னன் 1967இல் காட்டியிருந்தார். அடுக்கமைந்த காற்றும் அப்படித்தான் நடக்கும் என்று 1983இல் டக்ளஸ் லில்லி கருதினார். ஆனால் கற்களுக்கு நடுவே நடக்கும் அரைபாடு அந்தக் கணக்கைக் கெடுக்கிறது. 2006இல் எரிக் லிண்ட்போர்க் செய்த கணினி ஆய்வுகளில் ஆற்றல் சிறிய அளவுகளை நோக்கியே போனது. படுத்த சுழல்களின் உலகம் பார்வைக்குத் தட்டையாக இருந்தாலும் அதன் உள்வேலை மூன்று பரிமாணத்தில்தான் நடக்கிறது.

பூனாவில் ஒருவர் குனிந்து பார்த்தார்

கட்கிக்கு அடுத்த ரயில் நிலையம் சிவாஜிநகர். அங்கே இன்றும் மக்கள் 'சிம்லா ஆபீஸ்' என்று சொல்லும் கல் கட்டடம் இருக்கிறது. இந்திய வானிலைத் துறையின் தலைமையகம் 1928இல் சிம்லாவிலிருந்து பூனாவுக்கு வந்தபோது ஒட்டிக்கொண்ட பெயர் அது. 1932இல் இங்கே வேளாண் வானிலையியல் பிரிவு தொடங்கப்பட்டது. அதற்குப் பொறுப்பேற்றவர் எல்.ஏ. ராம்தாஸ். பாலக்காட்டைச் சேர்ந்தவர், சி.வி. ராமனின் மாணவர்.

வானிலைக் கருவிகள் வழக்கமாகத் தரையிலிருந்து சுமார் 1.2 மீட்டர் உயரத்தில், வெள்ளையடித்த மரக்கூண்டுக்குள் இருக்கும். ராம்தாஸ் கேட்ட கேள்வி எளிமையானது. பயிர் அந்த உயரத்திலா இருக்கிறது? முளைத்த நாற்றுக்கு வானிலை என்பது தரையை ஒட்டிய ஒரு சாண் காற்றுதானே? ஆகவே அவரும் உடன் பணியாற்றிய ஆத்மநாதனும் தரைக்கு மிக அருகே, பல உயரங்களில் இரவு வெப்பநிலையை அளந்தார்கள். காற்றில்லாத, தெளிந்த இரவுகளில் மிகக் குளிர்ந்த இடம் தரையாகத்தான் இருக்க வேண்டும். குளிர்ச்சியே தரையிலிருந்துதான் தொடங்குகிறது என்பது பாடநூல் சொன்ன கணக்கு. அளவீடு வேறு சொன்னது. மிகக் குறைந்த வெப்பநிலை தரையில் இல்லை. தரைக்குச் சில பத்து சென்டிமீட்டர் மேலே, காற்றில் இருந்தது. தரை அதைவிடச் சில டிகிரி வெதுவெதுப்பாக இருந்தது. 1932இல் இதை அவர்கள் வெளியிட்டார்கள்.

பலர் இதை ஏற்கவில்லை. கருவியின் பிழை என்றார்கள். அவர்கள் மறுத்ததற்கு நியாயமான காரணமும் இருந்தது. கீழே சூடும் மேலே குளிரும் இருந்தால் காற்று தலைகீழாகப் புரண்டாக வேண்டும். அப்படிப் புரளத் தொடங்கும் எல்லையை ரேலி எண் என்னும் அளவு சொல்கிறது. இரண்டு தட்டுகளுக்கு இடையில் உள்ள பாய்மத்துக்கு அந்த எல்லை 1,708. தரையிலிருந்து 20 சென்டிமீட்டருக்குள் 2 டிகிரி குறைகிறது என்று வைத்துக் கணக்கிட்டால், அந்த எண் 17 லட்சத்தைத் தொடுகிறது. எல்லையைப்போல ஆயிரம் மடங்கு. அந்தக் காற்று ஒரு நொடியும் நிலைத்திருக்கக் கூடாது, சுழல்கள் அதை உடனே கலக்கிவிட வேண்டும். ஆனால் அது இரவு முழுக்க நிலைத்தது. 1957இல் கிளாஸ் ராஷ்கே இதே பூனாவில் வெற்று மண்ணின் மேல் அளந்து அதே முடிவை வெளியிட்டார். சந்தேகம் விலகியது, புதிர் மிஞ்சியது. இன்று அந்தக் காற்றடுக்குக்கு ராம்தாஸ் அடுக்கு என்று பெயர்.

புதிருக்கு விடை தேடியவர்களும் இந்தியாவில்தான் இருந்தார்கள். 1993இல் வாசுதேவ மூர்த்தி, ஜே. சீனிவாசன், ரோத்தம் நரசிம்மா மூவரும் கதிர்வீச்சை மையமாக வைத்து ஒரு கோட்பாட்டைத் தந்தார்கள். தரை எவ்வளவு கதிரை உமிழ்கிறது, எவ்வளவைத் திருப்பி அனுப்புகிறது என்பதில் அது நின்றது. பின்னர் பெங்களூர் ஜவஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையத்தில் கே.ஆர். ஸ்ரீநிவாஸ், கணேஷ் சுப்பிரமணியன் ஆகியோரின் குழு, திருப்பி அனுப்பப்படும் கதிரை அந்தக் கோட்பாடு கையாண்ட விதத்தில் பிழை இருப்பதைக் கண்டது. முகுந்த், பொன்னுலட்சுமி முதலியோர் அடங்கிய அந்தக் குழு, வெளியிலும் ஆய்வுக்கூடத்திலும் அளந்து வேறொரு விடையை முன்வைத்தது. தரையை ஒட்டிய காற்றில் மிதக்கும் நுண்துகள்கள் தாமே வானத்துக்குக் கதிர்வீசிக் குளிர்கின்றன. சுழல்கள் கீழிருந்து வெப்பத்தைக் கொண்டுவரும் வேகத்தைவிடத் துகள்கள் வெப்பத்தை இழக்கும் வேகம் அதிகம். ஆகவே அந்தக் குளிர்ந்த அடுக்கு கலைக்கப்படுவதற்கு முன் மீண்டும் மீண்டும் உருவாகிறது.

இதில் எனக்குப் பெரிதாகப் படுவது ஒன்று உண்டு. 80 ஆண்டுகளுக்கு நெருக்கமாக ஓடிய இந்த உரையாடலின் தொடக்கம், யாரோ ஒருவர் வெப்பமானியைக் கணுக்கால் உயரத்தில் வைத்தது. பெரிய கொள்கை ஒன்றை நிறுவ வேண்டும் என்று அவர் போகவில்லை. நாற்றின் உயரத்தில் என்ன குளிர் என்று அறியத்தான் போனார்.

தளிரும் மூடுபனியும்

அந்தக் கேள்வியின் பயன் இன்றும் தீரவில்லை. நாசிக் பக்கத்துத் திராட்சைத் தோட்டக்காரர்கள் கடுங்குளிர் இரவுகளில் தோட்டத்துக்குள் தீ மூட்டுவார்கள். நீலகிரியில் உறைபனி விழுந்த மறுநாள் தேயிலைத் தளிர் கருகிக் கிடக்கும். மேட்டிலிருந்து வழிந்த குளிர்காற்று தேங்கும் பள்ளங்களில்தான் கருகல் அதிகம் என்பது அங்குள்ளவர்களுக்குத் தெரியும். செடிக்குச் சாவு வரும் அதே நேரத்தில், அதன் தலைக்குப் பத்துப் பன்னிரண்டு மீட்டர் மேலே சில டிகிரி வெப்பமான காற்று மிதந்துகொண்டிருக்கிறது. அதைக் கீழே கொண்டுவர வேண்டியது ஒரு நின்ற சுழல் மட்டுமே. குளிர் நாடுகளின் பழத்தோட்டங்களில் உயரமான கம்பத்தில் பெரிய விசிறியைச் சுழலவிடுவது இதற்காகத்தான். சிறு சிறு தீக்களைப் பரவலாக மூட்டுவதும் அதே தத்துவத்தைச் சேர்ந்தது. ஒரே இடத்தில் பெருந்தீ மூட்டினால் அதன் வெப்பம் கூரையைத் துளைத்துக்கொண்டு மேலே போய்விடும். சிறு தீக்களின் சுழல்கள் கூரைக்கு அடியிலேயே புரண்டு, மேல் வெப்பத்தைச் செடிவரைக்கும் இழுத்து வருகின்றன.

பூனாவில் 1962இல் தொடங்கப்பட்ட இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனம், 2015 குளிர்காலத்திலிருந்து தில்லி விமான நிலையத்தில் மூடுபனி ஆய்வை நடத்திவருகிறது. மூடுபனி எப்போது கட்டும், எப்போது விலகும் என்பதைச் சொல்வது ஏன் கடினம் என்றால், அதன் பிடி அந்த விட்டுவிட்டு வரும் கொந்தளிப்பின் கையில் இருக்கிறது. கொந்தளிப்பு அறவே இல்லையென்றால் ஈரம் பனித்துளியாகத் தரையில் படிந்துவிடும். சற்றே இருந்தால் மூடுபனி தடிக்கும். கொஞ்சம் கூடினால் கலைந்துவிடும். நூற்றுக்கணக்கான விமானங்களின் புறப்பாடு, ஓர் ஆள் உயரச் சுழல்கள் எழுமா எழாதா என்பதில் தொங்குகிறது.

வங்கக் கடலின் மூடி

இதே விதி நீரிலும் நடக்கிறது, இன்னும் பெரிய அளவில். கங்கையும் பிரம்மபுத்திராவும் கொட்டும் நன்னீரும் பருவமழையும் வங்கக் கடலின் வடபகுதியில் லேசான நீரை மேல்மூடியாக விரிக்கின்றன. கண்ணாடிப் பாத்திரத்தில் உப்பு நீரின் மேல் நல்ல நீரை விட்டோமே, அதேதான். சாதாரணமாகப் புயல் என்னும் பெருஞ்சுழல் கடலின் மேல் போகும்போது, கீழிருக்கும் குளிர்ந்த நீரைக் கலக்கி மேலே கொண்டுவரும். குளிர்ந்த கடல் புயலுக்குத் தீனி தராது. புயல் தானே தன் பலத்தைக் குறைத்துக்கொள்ளும். மழைக்காலம் முடிந்த வட வங்கக் கடலில் அந்தக் கட்டுப்பாடு வேலை செய்யவில்லை என்பதை தேபாசிஷ் சென்குப்தாவின் குழு 2008இல் காட்டியது. புயல் கலக்கினாலும் கடல்பரப்பு குளிரவில்லை. நன்னீர் மூடி கலக்கத்தைத் தடுத்தது. கலக்கிய ஆழத்திலும் வெப்பமான நீரே இருந்தது.

நமக்கு அருகிலேயே ஒரு படுத்த சுழலும் இருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் இலங்கையின் கிழக்கே கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றும் பெருஞ்சுழல் உருவாகிறது. அதன் நடுவில் குளிர்ந்த ஆழ்நீர் குவிமாடம்போல மேலெழுகிறது. பி.என். விநயச்சந்திரனும் தோஷியோ யமகதாவும் 1998இல் இதை விளக்கினார்கள். பல நூறு கிலோமீட்டர் அகலம் கொண்ட ஓட்டம், சில நூறு மீட்டர் ஆழம். தோசையைவிடத் தட்டை. கட்கியின் புகைப் பாயை அந்த அளவுக்குப் பெரிதாக்கினால் அது இந்தச் சுழலுக்குச் சொந்தக்காரனாகத் தெரியும். பூமியின் சுழற்சியும் அங்கே சேர்ந்துகொள்கிறது என்றாலும், நின்று சுற்றுவதை அடுக்கு அனுமதிப்பதில்லை என்ற விதி இரண்டுக்கும் பொது.

எழுவதற்கு முன்

மறுபடி ஆற்றங்கரைக்கு வருகிறேன். பெரியவர் சொன்ன வாக்கியத்தின் மறுபாதியைப் பார்க்க வேண்டும். வெயில் ஏறினால் புகை எழும்பும் என்றார். எழும்பத்தான் செய்கிறது. ஆனால் அதற்கு முன் ஒன்று நடக்கிறது.

ஏழு மணிக்குச் சூரியன் வருகிறது. தரை சூடாகத் தொடங்குகிறது. நின்ற சுழல்கள் முதலில் முழங்கால் உயரத்தில் பிறக்கின்றன, பிறகு ஆள் உயரம், பிறகு மர உயரம். அவை கீழிருந்து அடுக்கைத் தின்றுகொண்டே ஏறுகின்றன. இரவெல்லாம் மேலே பாயாகக் கிடந்த புகையை ஒருகட்டத்தில் தொடுகின்றன. தொட்ட கணத்தில், அந்தச் சக்கரங்களின் இறங்கு பக்கம் புகையை அள்ளித் தரைக்குக் கொண்டுவருகிறது. அதற்கு மேலே கூரை இன்னும் உடையாததால் புகைக்கு மேலே போக வழியில்லை. தலைக்கு மேலே இரவெல்லாம் சேர்ந்தது, சிறிது நேரத்துக்கு நம் மூக்கின் உயரத்துக்கு வந்துவிடுகிறது. தொழிற்சாலைப் புகைபோக்கிகளை வைத்து வானிலையாளர்கள் நன்கு அறிந்திருக்கும் நிகழ்வு இது. நடைப்பயிற்சி உச்சத்தில் இருக்கும் நேரமும், பிள்ளைகள் பள்ளிக்குப் போகும் நேரமும் அதுதான். ஒன்பது, பத்து மணிக்குக் கூரை உடைந்து காற்று தெளிந்த பிறகு பார்க்கிறவர்களுக்கு, எதுவுமே நடக்காததுபோல இருக்கும்.

ஆகவே விடியற்காலையில் சருகும் குப்பையும் எரிப்பது, பகல் மூன்று மணிக்கு எரிப்பதைப் போன்றதல்ல. எரிப்பதே தவிர்க்க வேண்டியது. ஆனால் அதே கைப்பிடிச் சருகு, கிலோமீட்டர் உயரக் காற்றில் கலக்கும்போது ஒரு பொருள், தென்னை உயரக் காற்றில் அடைபடும்போது முற்றிலும் வேறு பொருள். இதைக் கட்கியிலோ கோயம்புத்தூரிலோ ஒரு பள்ளிப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க ஒரு கண்ணாடிப் பாத்திரமும் உப்பும் ஒரு சொட்டு மையும் போதும்.

அதோடு இன்னொன்றையும் கேட்க வேண்டும் என்று நினைக்கிறேன். நம்முடைய அளவீடுகள் இன்னும் பெரும்பாலும் நின்ற மனிதனின் உயரத்திலும் அதற்கு மேலும்தான் இருக்கின்றன. நாற்று அதற்குக் கீழே வளர்கிறது. தவழும் குழந்தை அதற்குக் கீழே மூச்சு விடுகிறது. ரயில் நிலையத்துக்கு வெளியே துணியை விரித்துப் படுத்திருப்பவர், இரவு முழுக்க, தரையை ஒட்டிய அந்த ஒரு முழக் காற்றுக்குள் இருக்கிறார். அங்கே எவ்வளவு குளிர், எவ்வளவு புகை என்பதை மேலே இருக்கும் கூண்டு சொல்லாது. ராம்தாஸ் 90 ஆண்டுகளுக்கு முன் நாற்றுக்காகக் கருவியைக் கீழே இறக்கினார். படுத்திருக்கும் மனிதருக்காகவும் அதைக் கீழே இறக்க வேண்டியிருக்கிறது.

போன வாரம் பெரியவரிடம் இதைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே நடந்தவர், சருகு எரிந்துகொண்டிருந்த இடத்தில் நின்றார். மேலே கிடந்த பாயை அண்ணாந்து பார்த்தார். பிறகு ஆற்றிலிருந்து ஒரு வாளி தண்ணீர் மொண்டு வந்து அணைத்துவிட்டு, "எழுந்திரிக்கட்டும்னு இத்தனை நாளு காத்திருந்தேன் தம்பி. அது இறங்கி வரும்னு தெரியாது" என்றார்.